ஊர்ப் பீங்கான்கள்

காலை ஆறு நாற்பது. குசினி வாசலில் நின்றபோது நிலம் தெரியவில்லை. கண்ணாடிப் பீங்கான்கள், பிளாஸ்டிக் பேசின்கள், மூடி தொலைந்த டப்பாக்கள் எல்லாம் பரவிக் கிடந்தன. நடுவில் மனைவி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குப் பிரஷர் கூடியிருப்பதாகக் கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். மருந்தோடு ஓய்வும் வேண்டுமாம். ஓய்வுக்கென்று படுத்தால் அலுமாரிக்கு மேலிருந்து சாமான்கள் தன்னையே பார்ப்பதாகச் சொன்னாள். வீட்டுச் சாமானைக் குறைத்தால் படபடப்பும் குறையும் என்பது மகளின் யோசனை. தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை அனுப்பிவிட வேண்டும் என்று போனில் எத்தனையோ வீடியோ காட்டியிருந்தாள்.

அந்த வீடியோக்களை எடுத்தவர்கள் சாய்ந்தமருதில் இருந்திருக்கமாட்டார்கள். இங்கே நோன்பு மாதத்தில் ஒரு வீட்டுச் சாப்பாடு இன்னொரு வீட்டுக்குப் போகும். பீங்கான் அங்கேயே தங்கிவிடும். அதை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது வழக்கமில்லை. எதையாவது போட்டுக் கொடுக்கும் நாள் வரும்வரை கிடக்கும். யாருடையது என்று தெரிய அடியில் நகப்பூச்சில் ஒரு பொட்டோ பெயின்டில் ஓர் எழுத்தோ இருக்கும். மனைவி பிரித்து முடித்தபோது எங்கள் குவியலைவிட ஊர்க் குவியல் பெரிதாக இருந்தது.

உடனே எழுந்து மா வறுத்தாள். தேங்காய் திருவினாள்.

"உம்மா, சாமானக் குறைக்கச் சொன்னா ஊருக்கே கந்தூரி போடுறீங்களே?" என்றாள் மகள்.

"வெறும் பீங்கானோட போய் நிக்கச் சொல்றியா? மானம் போயிரும்கா."

நான் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் கொழுக்கட்டை கொண்டுபோனேன். மகள் பின்னால் பைகளோடு இருந்தாள். பீங்கானை வாங்கியவர்கள் எல்லோரும், "பொறுங்க, உங்கட ஒண்டு இரிக்கி" என்று உள்ளே போனார்கள். அதுவும் வெறுமையாக வரவில்லை. வாழைப்பழத்தோடு, தொதலோடு, பொரித்த மீனோடு வந்தது. லுஹர் தொழுகைக்குத் திரும்பியபோது மேசையில் இடம் போதவில்லை. மனைவி சிரிக்கவில்லை.

அவளிடம் ஒன்று மிஞ்சியிருந்தது. நீல விளிம்பு வைத்த நீளப் பீங்கான். மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவளுடைய மூத்த சகோதரி, ராத்தாவினது. அவர்களுடைய உம்மாவின் வளவைப் பிரித்து இரண்டு பெண்மக்களுக்கும் சீதன வீடு கட்டியபோது கிணற்றுக்குப் பொதுவழி விட்டிருந்தார்கள். ராத்தா மதில் கட்டியதும் அந்த வழி அடைபட்டது. பேச்சும் நின்றது. பெருநாளுக்குக்கூடப் போய்வருவதில்லை. இந்தப் பீங்கான் மதில் கட்டுவதற்கு முன்பு வட்டிலப்பத்தோடு வந்தது.

காலையிலிருந்து அதை எங்கள் குவியலில் வைத்தாள், ஊர்க் குவியலில் வைத்தாள், திரும்ப எடுத்தாள்.

"அது என்ட."

"அடியில செவப்புப் பொட்டு இரிக்கி உம்மா. பெரியம்மாட."

"அனுப்பினா நான் எறங்கி வந்திட்டனெண்டு நெனைப்பா."

"அனுப்பாட்டி பீங்கான் கள்ளியெண்டு சொல்லுவா."

மனைவி அதில் கொழுக்கட்டை அடுக்கித் துணியால் மூடி என்னிடம் நீட்டினாள்.

"நீங்க குடுங்க. நான் தந்ததெண்டு சொல்லாதீங்க."

"அப்ப ஆரு தந்ததெண்டு சொல்ற?"

"ஒண்டும் கதைக்காம வெச்சிட்டு வாங்க."

"மச்சிட வீட்டுக்குள்ள கள்ளன் மாதிரிப் போகச் சொல்றியா?"

பீங்கானை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். காலியான அலுமாரித் தட்டைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள். கோப்பைகளை மேலிருந்து கீழே மாற்றினாள், பிறகு மேலே ஏற்றினாள். குசினி இவ்வளவு ஒழுங்காக இருந்து நான் பார்த்ததில்லை. அவளோ ஓரிடத்தில் இருக்கவில்லை. மதிலுக்கு அப்பால் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியதும் நின்றாள். அது நின்றதும் நடந்தாள். மருந்து போட்டாச்சா என்று மகள் இரண்டு முறை கேட்டாள்.

அஸர் தொழுத பிறகு கொழுக்கட்டைகளைத் திரும்ப ஆவியில் வைத்தாள். "ஆறினதக் குடுத்தா அதுக்கும் ஒரு கதை வரும்" என்றாள், யாரிடம் என்றில்லாமல். அபாயாவைப் போட்டாள். கூட வரவா என்ற மகளுக்குக் கையால் வேண்டாமென்றாள்.

மதில் இல்லாவிட்டால் பின்வாசலால் போய்விடலாம். இப்போது ரோட்டுக்கு இறங்கி அடுத்த ஒழுங்கையால் சுற்ற வேண்டும். முன்வாசலில் நின்று பார்த்தேன். ஒழுங்கை முனையில் நின்று துணியைச் சரிசெய்தாள். பிறகு ஒழுங்கைக்குள் திரும்பினாள்.

அந்தப் பக்கம் கேற் திறக்கும் சத்தம் கேட்டது. பேச்சு கேட்கவில்லை. மகள் மதிலில் காது வைத்து நின்றாள். நான் கூப்பிட்டும் வரவில்லை.

பொழுது சாய்ந்து பள்ளியில் மஃரிபுக்கு வாங்கு சொன்னார்கள். மனைவி இன்னும் வந்திருக்கவில்லை.