மாப்பிள்ளைக்குக் கொடுத்த பாஸ்வேர்டு

அக்கா வீட்டில் டிவி சத்தம் திடீரென்று கூடினால் அவள் அடிவாங்குகிறாள் என்று அர்த்தம். ஆம்பூரில் எங்கள் வீட்டின் பின்சுவருக்கும் அவளுடைய சமையலறை ஜன்னலுக்கும் நடுவில் ஒரு சந்து மட்டும்தான். பைக்கில் போனால் ஹேண்டில்பார் சுவரில் உரசும், அவ்வளவு குறுகல். அவளுக்கு வரன் பார்த்தபோது அம்மாவுக்கு மாப்பிள்ளையைவிட இந்தச் சந்துதான் பிடித்திருந்தது. "கூப்புட்ற தூரத்துல இருக்கப் போறா, வேற இன்னா வேணும்?" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்பா இல்லாத வீட்டுக்கு அது பெரிய தைரியமாகத் தெரிந்தது.

மாமா, அதாவது அக்கா புருஷன், ஒரு ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் செக்‌ஷனில் வேலை பார்த்தார். அவருடைய அப்பா அம்மா குடியாத்தத்தில் பெரிய பிள்ளையோடு இருந்தார்கள். அதனால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான். அடிப்பதற்கு முன்னால் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் கூட்டிவிட்டுத்தான் கையை ஓங்குவார் என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள். கோபத்தில் கண் தெரியாமல் அடிக்கிறவன் ரிமோட்டைத் தேடுவானா? இதை அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "புருஷன் பொண்டாட்டின்னா அப்டி இப்டித்தான் இருக்கும். நீ நடுவுல பூந்து பேஜார் பண்ணாத" என்றாள். அக்காவும் அம்மாவிடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. முழங்கை வீங்கியிருந்தால் குளியலறையில் வழுக்கிவிட்டது என்பாள். எனக்கு அம்மா மேலும் ஆத்திரம், அக்கா மேலும் ஆத்திரம்.

அப்புறம் அவள் எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது என்று மாமா தடை போட்டார். அவளுடைய போனில் இருந்த சிம்மைக் கழற்றி, பல்லால் கடித்து இரண்டாக்கி, சோற்றுத் தட்டில் துப்பினார். போனை மட்டும் திருப்பிக் கொடுத்தார். "பாட்டு கேட்டுக்கினு வேலயப் பாரு" என்றாராம். இதை அக்கா வண்டியில் குப்பை கொட்ட வந்தபோது மூச்சுவிடாமல் சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள்.

அவளுக்கு வேலை என்றால் ஷூ தைப்பது. கம்பெனி வண்டியில் வெட்டிய தோல்கள் மூட்டையாக வரும். பாதம் போலவே இருக்கும் ஒரு கட்டையின் மேல் தோலைப் போட்டு, இரண்டு ஊசியால் இழுத்து இழுத்துக் கையாலேயே தைக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் பெண்கள் செய்கிற வேலைதான். அக்காவின் விரல் நுனிகள் காய்த்துப் போயிருக்கும். ஆனால் அவள் தையல் கோடு போட்டது மாதிரி இருக்கும். அந்தக் கைதான் அவளுடைய பெருமை.

நான் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் ஷூவுக்கு டிசைன் வரைகிறவள். அதனால் எங்கள் வீட்டில் வைஃபை உண்டு. அக்காவின் போனில் எங்கள் பாஸ்வேர்டு முன்பே ஏறியிருந்தது. சிம் இல்லாவிட்டால் என்ன, வைஃபை எட்டினால் நெட்டிலேயே பேசலாமே என்று தோன்றியது. எட்டாததுதான் சிக்கல். ரவுட்டர் முன்ஹாலில் இருந்தது. அப்பா கட்டிய கெட்டிச் சுவர்களைத் தாண்டி எங்கள் சமையலறைக்கே சிக்னல் வராது.

வேலூர் லாங் பஜாருக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன்.

"வீடு எவ்ளோ பெருசு மேடம்?"

"சின்ன வீடுதான். சுவருதான் ஜாஸ்தி."

"அப்ப ஆக்சஸ் பாயிண்ட் போடுங்க. ரவுட்டர்லேர்ந்து கேபிள் இழுத்துக்கினு போய் பின்னால இத மாட்டிடுங்க. பழைய பேரும் பழைய பாஸ்வேர்டுமே குடுங்க. அப்பத்தான் போன் அதுவா புடிச்சுக்கும்."

எனக்கு வேண்டியதும் அதுதான். புதுப் பாஸ்வேர்டு வைத்தால் அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது? சந்தில் நின்று கத்தவா முடியும்?

ஹாலிலிருந்து பின்பக்கம் வரை சுவரோரமாகக் கேபிளை ஓட்டி, கிளிப் வைத்து ஆணி அடித்தேன். ஒவ்வொரு ஆணியின் தலையிலும் மாமாவின் மூஞ்சியை நினைத்துக்கொண்டேன். சில இடங்களில் காரை பெயர்ந்து விழுந்தது. "எதுக்குடி இந்த இடி இடிக்கிற?" என்று அம்மா கேட்டாள். வேலைக்கு நெட் கம்மியாக வருகிறது என்றேன். பின் அறையின் பக்கவாட்டு ஜன்னலில் மாட்டிப் பார்த்தேன், சந்தில் ஒரு புள்ளி சிக்னல்தான் வந்தது. மாடிப்படி முடிகிற இடத்தில் சந்தைப் பார்த்தபடி மழை படாத மூலை ஒன்று உண்டு. அங்கே மாட்டினேன். சுத்தியலைப் பின்கதவு ஓரத்திலேயே போட்டுவிட்டேன்.

லேப்டாப்பை அந்தப் பெட்டியோடு இணைத்து, அதன் அடியில் ஒட்டியிருந்த எண்ணை அடித்ததும் செட்டிங் பக்கம் வந்தது. ஆக்சஸ் பாயிண்ட் என்று தேர்ந்தெடுத்தேன். இல்லாவிட்டால் அதுவும் தன்னை ரவுட்டர் என்று நினைத்துக்கொண்டு முன்னால் இருப்பதோடு மல்லுக்கு நிற்கும். பழைய பேர், பழைய பாஸ்வேர்டு. குப்பை கொட்டப் போகிறவள் போலச் சந்துக்குப் போய்ப் பார்த்தேன். அக்காவின் ஜன்னலுக்குக் கீழே சிக்னல் முழுசாக இருந்தது.

ரவுட்டரோடு எந்தெந்த போன்கள் இணைந்திருக்கின்றன என்று என் போனில் பார்க்க முடியும். அந்தப் பட்டியலில் கொஞ்ச நேரத்திலேயே அக்காவின் போன் வந்து நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா" என்று மட்டும் அனுப்பினேன். "இரு, அவர் போகட்டும்" என்று பதில் வந்தது. அவர் ஷிப்டுக்குப் போனதும் அவளே கூப்பிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தாள். நான் பேச வேண்டிய கெட்ட வார்த்தைகளையெல்லாம் அவள் புருஷனைப் பற்றிப் பேசித் தீர்த்தேன். கடைசியில் சிரித்தாள்.

அன்று மாலையே பட்டியலில் இன்னொரு போன் வந்தது. அது மாமாவுடையது. கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வந்தபோது, வாழையிலையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு நெட் வரவில்லை என்று அவர் முகத்தைச் சுளித்தார். "மாப்ளைக்குப் பாஸ்வேர்டு குடுடி மொதல்ல, சோறு ஆறட்டும்" என்று அம்மா பதறினாள். மோதிரம் போட்டோம், வேட்டி வைத்தோம், அதோடு இதையும் என் கையாலேயே அவர் போனில் அடித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்குக் கொடுத்ததைத் திருப்பி வாங்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. பாஸ்வேர்டையும் யாரும் மாற்றவில்லை. அதை நான் சுத்தமாக மறந்திருந்தேன்.

அவர் போனை மட்டும் தடுத்துவிட முடியும். ஆனால் வந்த நெட் நின்றால் ஏன் வந்தது, எங்கிருந்து வந்தது என்று தேடுவார். அதனால் விட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்தால் அதில் ஒரு வசதியும் இருந்தது. பட்டியலில் அவர் போன் இருந்தால் அவர் வீட்டில் இருக்கிறார், மறைந்தால் வெளியே போய்விட்டார். மறைந்ததும் நான் அக்காவைக் கூப்பிடுவேன். அவள் போனைச் சத்தமில்லாமல், அதிர மட்டும் வைத்து, தோல் மூட்டைக்குள் ஒளித்திருந்தாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடும்படி தினமும் கெஞ்சினேன். "அம்மா ஏத்துப்பாளா?" என்று ஒரே கேள்விதான் கேட்பாள். மாமாவோ திடீரென்று வந்த நெட்டைக் கேள்வியே கேட்காமல் அனுபவித்தார். டவர் நல்லா வேலை செய்யுது என்று அக்காவிடம் சொன்னாராம்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பட்டியலைப் பார்த்தேன், மாமாவின் போன் இல்லை. கறி வாங்கப் போயிருப்பார் என்று அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன். அவர் எங்கும் போகவில்லை. காலையிலிருந்து எங்கள் நெட்டில் படம் பார்த்துப் பார்த்து, சார்ஜ் தீர்ந்து அவர் போன் அணைந்திருந்தது. அக்காவின் போன் மூட்டைக்குள் அதிர்ந்தது அவர் காதில் விழுந்துவிட்டது.

திரையில் அக்கா வருவாள் என்று பார்த்தால் அவர் முகம் வந்தது. என்னைப் பார்த்தார், போனின் மேல் மூலையில் இருந்த வைஃபை குறியைப் பார்த்தார்.

"ஓ. இதுக்குத்தான் எனக்கு நெட் ஃபுல்லா வந்துச்சா?"

பின்னால் டிவி சத்தம் ஏறியது. நான் "மாமா, மாமா" என்றேன். அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். அவர் போனை எதன் மேலோ சாய்த்து வைத்தார், நாங்கள் பார்க்க வேண்டும் என்றே வைத்தார். "பாக்கணும்னுதான போன் பண்ண? பாரு." அக்காவின் தலைமயிரைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். அவளுடைய வலது கையைத் தரையில் வைத்து அதன் மேல் தன் முழங்காலை ஊன்றினார். ஷூ தைக்கிற கட்டையை எடுத்தார்.

இதுவரை அவர் என்று எழுதிவிட்டேன். இனி முடியாது. அவன் அந்தக் கட்டையால் அவள் விரல்களின் மேல் அடித்தான். அக்கா வாயைத் திறந்தது தெரிந்தது, டிவி சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி அடித்தான். சந்துக்கு அந்தப் பக்கம் நடப்பது எங்களுக்கு வெறும் டிவி சத்தமாகத்தான் வந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் அப்படித்தான் வந்தது.

அம்மா எழுந்த வேகத்தில் வெங்காயத் தட்டு பறந்தது. பின்கதவு ஓரத்தில் நான் போட்டிருந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் சந்தைச் சுற்றி ஓடினாள். நான் அவளுக்குப் பின்னால் ஓடினேன். அவன் வீட்டுக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. "தொறடா!" என்று அம்மா கத்தினாள். மாப்பிள்ளையை அவள் டா போட்டு நான் கேட்டது அப்போதுதான். தாழ் இருக்கும் இடமாகப் பார்த்துச் சுத்தியலால் அடித்தாள், பலகை பிளந்து கதவு உள்ளே விழுகிற மாதிரி திறந்தது.

அக்கா சுவரோரம் கையை வயிற்றில் வைத்துச் சுருண்டு கிடந்தாள். அவன் நிமிர்ந்து "அத்தை, இது எங்க குடும்ப விஷயம்" என்றான். கட்டை தரையில் கிடந்தது. நான் அதை எடுத்து அவன் தோளில் அடித்தேன், மணிக்கட்டில் அடித்தேன், குனிந்தபோது முதுகில் அடித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன், இன்றைக்கு நினைத்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அக்கம்பக்கத்தவர்கள் வந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். என்னைத்தான் பிடித்தார்கள், இத்தனை நாள் அவனை யாரும் பிடிக்கவில்லை. அம்மா டிவியின் முன்னால் போய் நின்றாள். ரிமோட்டைத் தேடவில்லை. சுத்தியலாலேயே அதை நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்களுக்குக் கம்பி வைத்தார்கள். மகளிர் போலீசில் புகார் கொடுத்தோம். அவனைக் கூப்பிட்டார்கள், எழுதி வாங்கினார்கள், அவனும் வீட்டுக்கு வந்துவிட்டான். வழக்கு நடக்கும் என்றார்கள். நான் அந்த நேரத்தில் கூப்பிடாமல் இருந்திருந்தால் என்று உறவில் ஒரு சித்தி இழுத்தாள். அடித்தது அவன் கை, என் போன் கால் இல்லை என்று சொல்லி அவளை வாசலோடு அனுப்பினேன். தோல் மூட்டை கொண்டுவரும் வண்டி அக்காவைத் தேடி வருவதை நிறுத்திவிட்டது. விரல் கட்டு பிரித்த பிறகும் பழைய தையல் வருமா என்று டாக்டர் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை எங்கள் வீட்டுக்கே கூட்டி வந்தோம். பின்பக்கம் போகவே மாட்டாள். சந்தில் பைக் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும். அம்மா சோற்றைப் பிசைந்து ஊட்டிவிடுவாள். ஊட்டும்போது அழுவாள், அக்கா வாயைத் திறந்து வாங்கிக்கொள்வாள். ஒருநாள் நான் வேலை செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவரு இன்னும் நம்ம நெட்லதான் இருக்காரா?"

ஆஸ்பத்திரி அலைச்சலில் நான் அதை யோசிக்கவே இல்லை. பட்டியலைத் திறந்தேன், அவன் போன் இருந்தது. அவள் விரலை உடைத்துவிட்டு, புகாருக்குப் பதில் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து எங்கள் வைஃபையில் படம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அம்மாவும் எட்டிப் பார்த்தாள். "மாத்துடி" என்றாள். "அவனுக்குக் குடுக்கச் சொன்னதே நான்தான். மாத்து."

அக்கா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி ஏதோ அடித்தாள். முன்ஹால் ரவுட்டருக்கும் மாடிப்படிப் பெட்டிக்கும் ஒரே புதுப் பாஸ்வேர்டாக மாற்றினாள். அது என்ன என்று என்னிடம்கூடப் பிறகுதான் சொன்னாள். பட்டியலிலிருந்து அவன் போன் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் சந்துக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வராதவன், கை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்காதவன், ஜன்னலில் நின்று கத்தினான்.

"ஏய், இன்னா நெட்ட கட் பண்ணிட்டீங்களா? மேட்ச் ஓடிக்கினு இருக்குது!"

அம்மா சுத்தியலைத் தேடினாள். நான் எழுந்தேன். அதற்குள் அக்கா எங்களைத் தாண்டிப் பின்கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவனுடைய ஜன்னலுக்கு நேராக நின்றாள். அங்கே புது டிவி வாங்கி வைத்திருந்தான். வழக்கம்போல அதன் சத்தம் ஏறியது. அக்கா அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஆமாண்டா! நான்தான் கட் பண்ணேன்!"

தெருமுனையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதையும் மீறி எல்லோருக்கும் கேட்டது.