துடுப்பு ஏலம்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். கடற்கரையில பொறந்தவ நான். அங்க காத்துச் சத்தத்துக்கு மேல கத்தினாத்தான் பக்கத்துல இருக்கறவருக்கே காது கேக்கும். கல்யாணமாகி ஏற்காட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு விஷயம் என்னைப் படாத பாடு படுத்துச்சு. ஒண்ணு குளிரு. இன்னொண்ணு இந்த ஊர்க்காரங்க மரியாதை. "ஏனுங்க டீச்சரம்மா, நீங்க சொல்றது நொம்பச் சரிங்க"ன்னு ஒருத்தர் ஆரம்பிச்சார்னா, நாம சொன்னது நடக்கவே போறதில்லைன்னு அர்த்தம். இது புரியவே எனக்குச் சில வருஷம் ஆச்சு.

நான் மிஷன் பள்ளிக்கூடத்துல டீச்சர். என் ஊட்டுக்காரர் ஒரு காப்பி எஸ்டேட்டுல ரைட்டர், கூலியாளுங்க வேலைக்கு வந்ததைப் பதியற உத்தியோகம். வீட்டை ஊடுன்னு சொல்ல நானும் எப்பவோ பழகிட்டேன்.

எண்பதுகளோட தொடக்கம் அது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு வந்த கூட்டத்துல மலையே திணறிக்கிட்டிருந்த கோடை. மலைக்குக் கீழேயிருந்து வந்த ஒரு மனுசன் ஏரியில விழுந்துட்டார். கரைக்குப் பக்கத்துலதான். கயிறு தேடினாங்க, மூங்கில் தேடினாங்க, போலீசுக்கு ஆள் அனுப்பினாங்க, சாமியைக் கூப்பிட்டாங்க. தண்ணியில மட்டும் ஒருத்தரும் எறங்கல. நான் அப்போ பக்கத்துல ஒண்டிக்கடைங்கற நாற்சந்தியில தக்காளி பொறுக்கிக்கிட்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடுறதுக்குள்ள அவரைக் கரையில கிடத்தி, முகத்துல துண்டைப் போட்டுட்டாங்க.

எனக்கு நீஞ்சத் தெரியும். அப்பாவோட வள்ளத்துல துடுப்புப் போட்டு வளர்ந்தவ நான். ஆனா அது இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா யாராவது ஓடி வந்து கூப்பிட்டிருப்பாங்க, அந்த மனுசன் பொண்டாட்டி பிள்ளைகளோட பஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பார். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. அடுத்த தடவை என்னைக் கூப்பிடணும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

ஊர்ல உடனே ஒரு கமிட்டி போட்டாங்க. உயிர் காக்கும் படகு வாங்குற கமிட்டி. ஏரியில வாடகைப் படகு இருக்கேன்னு நீங்க கேக்கலாம். பொழுது சாஞ்சா அதையெல்லாம் சங்கிலி போட்டுப் பூட்டிட்டு ஆளுங்க ஊடு போய்ச் சேந்துடுவாங்க. அதனால எந்நேரமும் தயாரா ஒரு படகு, அதுல போகத் தொண்டருங்க. யோசனை என்னமோ நல்ல யோசனைதான். ஆனா கமிட்டிக்குத் தலைவர் யாருங்கறீங்க? என் ஊட்டுக்காரர் வேலை பாத்த எஸ்டேட்டு முதலாளி. அவர் தண்ணியைக் கண்டா குளிக்கவே யோசிக்கிற ஆளு. அடுத்த ரெண்டு பெரிய தலை, ஒரு மிளகு யாவாரியும் ஒரு லாட்ஜ்காரரும். ரெண்டு பேருக்கும் பல வருஷப் பகை. ஒருத்தர் தும்மினா இன்னொருத்தர் அதை விடச் சத்தமாத் தும்முவார்.

முதல் கூட்டத்துலயே எந்திரிச்சுச் சொன்னேன். "எனக்கு நீஞ்சத் தெரியுங்க. துடுப்பும் போடுவேன். படகுல எனக்கு ஒரு இடம் கொடுங்க."

தலைவர் சிரிச்சார். "ஏனுங்க டீச்சரம்மா, நீங்க படகுல போனா, பாக்கறதுக்குன்னே நாலு பேர் தண்ணியில விழுவானுங்களே!"

சபை மொத்தமும் கொல்லுன்னு சிரிச்சுச்சு. என் ஊட்டுக்காரர் தரையைப் பாத்தார். முதலாளி ஜோக் அடிச்சா ரைட்டர் என்ன செய்ய முடியும்? அவர் சிரிக்காம இருந்ததே பெரிசு. எனக்கு மகளிர் உறுப்பினர்னு ஒரு பதவியைக் கொடுத்து, கையில நன்கொடைக் கூப்பன் கட்டைத் திணிச்சாங்க.

சனி ஞாயிறெல்லாம் கூப்பனைத் தூக்கிட்டு மலை மலையா அலைஞ்சேன். தலைச்சோலைங்கற கிராமத்துல ஒரு வெவசாயி அம்மா கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "குடிக்கிற தண்ணிக்கே நாங்க ஒரு மைல் நடக்கறமுங்க. எங்களுக்கு எதுக்குங்க படகு?"ன்னு கேட்டுச்சு. அப்படிக் கேட்டுட்டு அந்தம்மாவே ஒரு பலாப்பழத்தைத் தூக்கிக் கொடுத்துச்சு. ஏலத்துக்கு வெச்சுக்கங்கன்னு.

ஏலத்தைப் பத்திச் சொல்லணும். எங்க சர்ச்சுல வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை நடக்கும். அவங்கவங்க தோட்டத்துல வெளைஞ்சதைக் கொண்டு வந்து காணிக்கையா வெப்பாங்க, அதை ஏலம் விட்டு சர்ச்சுக்குச் சேப்பாங்க. இதுல வழக்கம் என்னன்னா, ஏலத்துல எடுத்தவர் அந்தப் பூசணிக்காயை ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போகக் கூடாது. "திரும்பவும் ஏலத்துக்கே"ன்னு பெருந்தன்மையாக் கொடுத்துடணும். ஒரே பூசணிக்காய் நாலஞ்சு பேருக்குச் சொந்தமாகி, கடைசியில பாதிரியார் ஊட்டுச் சாம்பார்ல போய் விழும். படகுக் கமிட்டியும் இதே மாதிரி ஒரு ஏலம் போட்டுச்சு, சர்ச்சு மைதானத்துலயே. எந்தச் சாமியைக் கும்பிடறவங்களா இருந்தாலும் எல்லாரும் வந்திருந்தாங்க. அந்தப் பலாப்பழம் மைதானத்தை எத்தனை சுத்து சுத்துச்சுன்னு எனக்கே தெரியாது.

அப்படியும் பணம் பத்தல. படகு இன்னும் வரல, துடுப்பு ரெண்டும் மட்டும் முன்னாடியே லாரியில வந்து மேடையில சாத்தியிருந்துச்சு. ஏலம் கூவின மனுசனுக்கு அன்னைக்கு உற்சாகம் தலைக்கேறிப்போச்சு. சட்டுன்னு ஒரு துடுப்பைத் தூக்கி, "வலது துடுப்பு! எடுக்கறவருக்கே படகுல வலது பக்கம் உக்காந்து துடுப்புப் போடுற பாக்கியம்! ஒரு தரம்!"னு ஆரம்பிச்சுட்டார்.

"அட, உயிர் காக்கப் போற ஆளை ஏலத்துலயா எடுப்பீங்க?"ன்னு கத்தினேன். யார் காதுலயும் விழல. மிளகு யாவாரியும் லாட்ஜ்காரரும் கழுத்து நரம்பு பொடைக்க ஏலம் கேட்டுக்கிட்டிருந்தாங்க. வலது துடுப்பு மிளகுக்குப் போச்சு, இடது துடுப்பு லாட்ஜுக்குப் போச்சு. நடு ஆசனமும் படகு ஷெட்டோட சாவியும் தலைவருக்கு. பூசணிக்காயைத் திருப்பிக் கொடுத்த பெரிய மனசு துடுப்பு விஷயத்துல ஒருத்தருக்கும் வரல. அவங்கவங்க துடுப்பை அவங்கவங்க தோளில சாத்திக்கிட்டு ஊடு போய்ச் சேந்தாங்க. மிளகு மண்டியில துடுப்புக்குச் சந்தனம் குங்குமம் வெச்சுச் சுவத்துல மாட்டினாங்க. லாட்ஜுல வரவேற்பு மேஜைக்குப் பின்னாடி அது அலங்காரமா நின்னுச்சு. மூணு பேருல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது. மூணு பேர் சட்டையிலயும் தொண்டர்னு பேட்ஜ் மட்டும் மினுமினுன்னு இருந்துச்சு.

திறப்பு விழா அன்னைக்குப் பாண்டு வாத்தியம் என்ன, மாலை என்ன! பாதிரியார் ஜெபம் பண்ணினார், பூசாரி கற்பூரம் காட்டினார். புது வண்டிக்குச் சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வெப்பாங்க இல்லையா, சக்கரம் இல்லாத வண்டிக்கு எங்க வெக்கிறதுன்னு ஒரு பெரிய வாக்குவாதம் நடந்துச்சு. கடைசியில அதை லாட்ஜ்காரர் ஆசனத்துல வெச்சாங்க, அவர் பாக்காம அதுமேலயே உக்காந்தார்.

அப்புறம் படகு கெளம்புச்சு. துடுப்புப் போடுறவங்க ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து உக்காரணும். இது பச்சப்புள்ளைக்குத் தெரியும். ஆனா போட்டோ எடுக்கறவர் கரையில நின்னாரு. மிளகு யாவாரி கரையைப் பாத்து உக்காந்துட்டார். அவர் முதுகுக்குப் பின்னாடி நான் உக்காரறதான்னு லாட்ஜ்காரர் அவரை மொறைச்சுக்கிட்டு எதிர்த்தாப்புல உக்காந்தார். ரெண்டு பேரும் மூச்சைப் புடிச்சு இழுத்தாங்க. படகு நின்ன எடத்துலயே கரகரன்னு சுத்துச்சு. பாண்டுக்காரங்க வாசிச்சுக்கிட்டே இருந்தாங்க. தலைவருக்குத் தலை சுத்தியிருக்கணும், "நிறுத்துங்கய்யா!"ன்னு எந்திரிச்சார். அவ்வளவுதான், படகு கவுந்துபோச்சு.

மூணு பேரும் தண்ணியில தத்தளிக்கிறாங்க. "ஐயோ, காப்பாத்துங்க! காப்பாத்துங்க!" கரையில பேட்ஜ் குத்தின மத்தக் கமிட்டிக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாக்கறாங்க. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டு எறங்கினேன். ரெண்டு எட்டு வெச்சதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. முழங்கால் சேறு, இடுப்பளவு தண்ணி.

"ஐயா, எந்திரிச்சு நில்லுங்க!"ன்னேன்.

தலைவர் காதுல விழல. இன்னும் கையைக் காலை அடிச்சுக்கிட்டு இருந்தார். நான் வகுப்புல கத்துற குரல்ல கத்தினேன். "எந்திரிச்சு நில்லுங்கங்கறேன்ல!"

நின்னார். தண்ணி அவர் பெல்ட்டு வரைக்கும் இருந்துச்சு. மத்த ரெண்டு பேரும் ஒவ்வொருத்தரா நின்னாங்க. கரையில பஜ்ஜிக்கடை போடுற அம்மா ஒண்ணு களுக்குன்னு சிரிச்சுச்சு, அதோட பள்ளிக்கூடப் புள்ளைங்க, பாண்டுக்காரங்க, பூசாரி, எல்லாரும் வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

தலைவரை முடியைப் புடிச்சு இழுத்துட்டு வந்திருந்தாக்கூட எனக்குச் சால்வை போத்தியிருப்பாங்க. எந்திரிச்சு நிக்கச் சொன்னதைத்தான் மன்னிக்க முடியல. அடுத்த கூட்டத்துல, மகளிர் உறுப்பினருக்கு வேலைப்பளு அதிகம்கறதால அந்தப் பதவியையே எடுத்துடலாம்னு நொம்ப மரியாதையாத் தீர்மானம் போட்டாங்க. படகைத் தொடைச்சு, ஷெட்டுல வெச்சுப் பூட்டிட்டாங்க. துடுப்புங்க பழையபடி சுவத்துக்கும் வரவேற்பு மேஜைக்கும் போயிடுச்சு. எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. "உங்க முதலாளிக்கு ஒரு நாள் நிஜமாவே ஆழத்துல கால் வழுக்கணும்"னு ஊட்டுல கத்தினேன். என் ஊட்டுக்காரர், "மெதுவாப் பேசு, நம்ம ஊடே அவரு எஸ்டேட்டு ஊடுதான்"னார். அப்புறம் அவரே தலகாணியில மொகத்தைப் பொதைச்சுக்கிட்டுச் சிரிச்சார்.

அடுத்த கோடை வந்துச்சு. ஒரு சாயங்காலம், வாடகைப் படகையெல்லாம் பூட்டின நேரம். கல்யாணமாகி மலைக்கு வந்த ஒரு சோடி கரைப் பாறையில நின்னு போட்டோ எடுத்திருக்காங்க. மாப்பிள்ளை பின்னாடி நகந்து நகந்து, பொத்துன்னு உள்ள விழுந்துட்டார். அந்தப் பக்கம் நல்ல ஆழம். கரையில இருந்தவங்க நாலா பக்கமும் ஓடினாங்க. ஒருத்தன் வலது துடுப்புக்கு மிளகு மண்டிக்கு ஓடினான், ஒருத்தன் இடது துடுப்புக்கு லாட்ஜுக்கு, ஒருத்தன் சாவிக்குத் தலைவர் பங்களாவுக்கு. பஜ்ஜிக்கடை அம்மா மட்டும், ஏரியை ஒட்டியிருக்கற எங்க பள்ளிக்கூடத்துக்கு நேரா ஓடி வந்துச்சு. முழுப்பரீட்சை நேரம், நான் அங்க உக்காந்து பேப்பர் திருத்திக்கிட்டிருந்தேன்.

"டீச்சரம்மா! வாங்க! இது எந்திரிச்சு நிக்கிற தண்ணி இல்லீங்க!"

என்னைக் கூப்பிட்டாச்சு. செருப்பை அப்படியே விட்டுட்டு ஓடினேன். கரையில சேலையை அவுத்து அந்தம்மா கையில கொடுத்துட்டு, பாவாடை ஜாக்கெட்டோட எறங்கினேன். டீச்சரு, ரைட்டர் பொண்டாட்டி, ஊரே பாக்குதுங்கற யோசனையெல்லாம் வரல. தண்ணி ஐஸா இருந்துச்சு. பாசிக்கொடி காலைச் சுத்துச்சு. முதல் தடவை முங்கினதுல ஒண்ணும் அகப்படல. மேல வந்து மூச்சை இழுத்துட்டு மறுபடி உள்ள போனேன். ரெண்டாவது தடவை கையில முடி சிக்குச்சு, விடல. இழுத்துட்டு வந்து கரையில போட்டு, முதுகுல தட்டி, அமுக்கி, அவர் தண்ணியைக் கக்கி இருமினப்போதான் எனக்கும் மூச்சு வந்துச்சு. அந்தப் பொண்ணு அவரைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதுச்சு.

அதுக்கப்புறம் வலது துடுப்பு வந்துச்சு. கொஞ்சம் பொறுத்து இடது துடுப்பு. சாவியோட தலைவர் கார்ல வந்து எறங்கினப்போ மாப்பிள்ளை டீ குடிச்சுக்கிட்டிருந்தார். என் ஊட்டுக்காரர் கூட்டத்தை இடிச்சுத் தள்ளிக்கிட்டு வந்தார், முதலாளியைத் தாண்டி வந்தார், வணக்கம்கூடச் சொல்லல. தன்னோட கம்பளிக் கோட்டைக் கழட்டி என் மேல போத்திவிட்டு, எல்லாருக்கும் முன்னாடி என் கையைப் புடிச்சுக்கிட்டு நின்னார்.

மறுநாள் காலையில நான் பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில பாத்தா, ஏரிக்கரையில கூட்டம். ஷெட்டைத் திறந்து படகை வெளிய எடுத்து மாலை போட்டிருந்தாங்க. ஒரு பக்கம் வலது துடுப்போட மிளகு யாவாரி, இன்னொரு பக்கம் இடது துடுப்போட லாட்ஜ்காரர், நடுவுல தலைவர், அவருக்குப் பக்கத்துல அந்தப் புதுச் சோடி. பேப்பர்காரர் கேமராவைத் தூக்கி, "எல்லாரும் இங்க பாருங்க"ன்னார். நான் கொஞ்சம் தள்ளி, வேலிக்குப் பக்கத்துல புத்தகப் பையோட நின்னுக்கிட்டிருந்தேன்.

படம் பேப்பர்ல வந்துச்சு. மீட்புப் படகுத் தொண்டர்களால் காப்பாற்றப்பட்ட புதுமணத் தம்பதின்னு கீழ போட்டிருந்தாங்க. மூணு பெரிய மனுசங்களும் நெஞ்சை நிமித்திக்கிட்டு கேமராவைப் பாக்கறாங்க. அந்தப் பொண்ணு மட்டும் பாக்கல. முகத்தை வேலிப் பக்கம் திருப்பி, ரெண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டுக்கிட்டிருக்கு.