கோட்டைக்குள் இன்னும் ஒரு பெண்

இன்று பேத்தி நித்யாவோடு தில்லி ஜனக்புரியிலிருந்து மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் பேருந்தில் போனேன்.

போன வருடம்தான் எழுதப் படிக்கக் கற்றேன். இப்போது கையில் இளைஞர்களுக்கான ஒரு மாயாஜால நாவல். நித்யாவுக்குத் தமிழ் படிக்க வராது. நான் விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசிக்க, அவள் கேட்பாள்.

அதில் மந்திரம் தெரிந்த ஓர் இளவரசன் ஒரு பெண்ணிடம், "உனக்குத் தோழிகள் எதற்கு? நான் ஒருவன் போதாதா?" என்கிறான். பிறகு அவளைக் கோட்டைக்குள் வைத்துப் பூட்டுகிறான். அவளுடைய பாதுகாப்புக்காகவாம். அதைச் சொல்லி அழவும் செய்கிறான்.

"எவ்வளவு பிரியம் பாத்தியா!" என்றேன்.

நித்யா முறைத்தாள். "தாத்தா, இது பிரியமா? அவளைத் தனியா ஆக்கறான். அப்பதானே இவன் சொல்றதை மட்டும் கேப்பா?"

"ஆனா அழறானேம்மா!"

"அச்சா, அழுதா விட்டுடறதா? அவனும் இப்படித்தான் அழுதான்."

எவன் என்று எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறாய், யாரோடு இருக்கிறாய் என்று நாள் முழுக்க ஒரு பையன் அவளுக்கு போன் செய்துகொண்டிருந்தான். அவளும் தோழிகளைப் பார்ப்பதையே நிறுத்தியிருந்தாள். கேட்டால் கோபித்துக்கொள்வாளோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

"இப்போ?" என்றேன்.

"ப்ளாக் பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸோட சரோஜினி நகர் போறேன். நீங்க மேல படிங்க."

எங்கே படிப்பது? எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

என் பேத்தி வெளியே வந்துவிட்டாள். நாவலில் அந்தப் பெண் இன்னும் உள்ளேதான் இருக்கிறாள். நான் படிக்கிற வேகத்துக்கு அவளுக்குக் கதவு திறக்க தீபாவளி ஆகிவிடும்.

இந்த மாதிரிக் கதைகள் நிறையப் படித்தவர்கள் சொல்லுங்கள், எப்படியும் தப்பித்துவிடுவாள்தானே?