ரெண்டு எச்.பி. ஏழுமலை

ஏழுமலை அண்ணன் இறந்த செய்தி ஒரு வாடிக்கையாளர் மூலமாகத்தான் எனக்கு வந்தது. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்கு எதிரே படகு மோட்டார் விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். டேங்க் மூடி வாங்க வந்த தோணிரேவு கிராமத்துக்காரர், மூடியைத் திருகிப் பார்த்துக்கொண்டே, "உன் ரெண்டு எச்.பி. காலைல போய்ட்டாருப்பா. டீ குடிச்சுட்டு சாஞ்சவருதான்" என்றார். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது வாசலில் ஷாமியானா கட்டிக்கொண்டிருந்தார்கள். மாலை வாங்க மறந்திருந்தேன்.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அந்தப் பட்டப்பெயரும் தெரியும். அது வந்த கதையில் எனக்கும் பங்கு உண்டு என்பதால் எழுதுகிறேன்.

அவரும் மனைவி குப்பம்மாள் அண்ணியும் ஏரியில் நண்டு வலை போட்டுப் பிழைத்தவர்கள். பிள்ளைகள் இல்லை. பலர் கைமாறி வந்த பழைய மரப்படகு அவர்களுடையது. தார் வைத்து அடைக்காத இடமே அதில் குறைவு. அண்ணன்தான் கழி ஊன்றித் தள்ளுவார். ஆஸ்பத்திரியில் இதயம் பலவீனம், இனிமேல் கழி பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நேராக என் கடைக்கு வந்தார். "மோட்டாரு மாட்டணும், இல்லனா படகை வித்துட்டு ஊட்ல உக்காரணும். உக்காந்தா சோறு யாரு போடுவா?" என்றார்.

அதற்குள் லைட்ஹவுஸ் குப்பத்தில் கடலுக்குப் போகும் அவர் மச்சான், அண்ணியோடு பிறந்தவர், தன் பழைய மோட்டாரைச் சும்மாவே கொடுத்துவிட்டார். ஃபைபர் படகுக்கான மோட்டார் அது; கனமும் அதிகம், தண்ணீருக்குள் இறங்கும் காலும் நீளம். எங்கள் ஏரியில் பல இடங்களில் முழங்கால் தண்ணீர்தான் நிற்கும். வேண்டாம் என்றேன். "மச்சான் குடுத்தத வாணாம்னா ஒறவு கெட்டுடும்பா" என்று மாட்டச் சொன்னார். மாட்டிக் கொடுத்தேன். முதல் நாளே விசிறி சேற்றில் புதைந்து, மோட்டார் மாட்டிய பின்பலகை விரிசல் விட்டது. பக்கத்தில் வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள், "இன்னா அண்ணே, ஏரில கெணறு வெட்டுறியா?" என்று கேட்டபடி வந்து தள்ளிவிட்டார்களாம். இதை அவரே என் கடையில் சொல்லிச் சிரித்தார். மச்சானிடம் மட்டும் சொல்லவில்லை. மோட்டாரைத் துடைத்து எடுத்துப்போய், "உன் மோட்டாருக்கு என் படகு தாங்கல மச்சான்" என்று படகின் மேல் பழியைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்து என்னிடமே வாங்க வந்தார், அண்ணியோடு. கால் குட்டையான ஐந்து எச்.பி. மோட்டாரைக் காட்டினேன். தண்ணீர் ஊறிக் கனத்த மரப்படகு, மத்தியானம் எதிரே அடிக்கும் கடல்காற்று, இரண்டையும் யோசித்துச் சொன்ன யோசனை அது. இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். அவர் நான் பேசியதைக் காதில் வாங்கவில்லை. "குப்பு, தூக்கிப் பாரு" என்றார். அண்ணி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். பெரியது அசையவில்லை. நான் காட்டியது முழங்கால் வரை வந்தது. மூலையில் கிடந்த ரெண்டு எச்.பி. மோட்டார், தண்ணீர்க் குடம் போல இடுப்பில் ஏறி உட்கார்ந்தது. "இத்த குடு" என்றார் அண்ணன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மோட்டாரு வாங்க வந்தியா, கத்திரிக்காய் வாங்க வந்தியா? எடைய பாக்குறியே" என்றேன்.

"நம்ம ஏரில மோட்டாரு ஓடுறத வுட தூக்குறதுதான் ஜாஸ்தி தம்பி" என்றார். அது உண்மைதான். ஊர்கள் முறை வைத்து இறால் வலை கட்டும் இடங்களைப் பாடு என்போம். அங்கே சத்தம் கேட்டால் இறால் கலைந்துவிடும் என்று கட்டுப்பாடு. மோட்டாரை நிறுத்தி, மேலே தூக்கிவிட்டு, கழி ஊன்றித்தான் கடக்க வேண்டும். அந்தக் கொஞ்ச தூரத்துக்கு அண்ணி ஊன்றுவார்.

பிறகு அவர் சொன்னதுதான் விஷயம். "நான் இருக்கசொல்ல எதுனா ஒண்ண ஓட்டிக்குவேன். நான் போய்ட்டா, இவ இத்த தூக்கிக் குடுனு எவன்கிட்டயும் போய் நிக்கக் கூடாது."

"வாயக் கழுவு" என்றார் அண்ணி. மோட்டாரைக் கீழே வைக்கவில்லை.

பின்பலகையை மாற்றிப் பொருத்திக் கொடுத்து, வெள்ளோட்டத்துக்கு நானும் போனேன். நான் பயந்தபடியே ஆயிற்று. காற்று எழுந்ததும் படகு நகர மறுத்தது. ஒரே வலைக்கம்பைப் பார்த்தபடி மூவரும் உட்கார்ந்திருந்தோம். "நான் இன்னா சொன்னேன்?" என்றேன். "நீ சொன்னது கரெக்டுதான். காத்து இன்னா, ஊட்டுக்கு வந்த சம்பந்தியா, தங்கிட? நின்னதும் போலாம்" என்று வெற்றிலையை எடுத்தார். நின்ற பிறகுதான் போனோம். அதைக் கரையிலிருந்து பார்த்தவர்கள்தான் அந்தப் பெயரை வைத்தார்கள். பிறகு அவர் காற்றுக்கு முன்னே போய், காற்றுக்கு முன்னே திரும்பப் பழகிக்கொண்டார். ஐந்து எச்.பி. வாங்கியிருக்கலாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

கருமாதி முடிந்ததும் மச்சான், படகையும் மோட்டாரையும் விற்றுவிட்டுத் தன் வீட்டோடு வந்துவிடும்படி அண்ணியைக் கூப்பிட்டார். நல்ல மனதோடுதான் கூப்பிட்டார். அண்ணி போகவில்லை.

போன வாரம் அண்ணி படகைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து கரையில் கட்டிவிட்டு, மோட்டாரை இடுப்பில் வைத்துக் கடைவீதி வழியாக நடந்து வந்தார். கடையில் இருந்த இரண்டு பேர் கைகொடுக்க எழுந்தார்கள். அதற்குள் மேசைமேல் வைத்துவிட்டார். "பிளக் மாத்து தம்பி, ஸ்டார்ட் ஆவ லேட் பண்ணுது" என்றார். மாற்றினேன். மறுபடி இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனார். இழவு வீட்டில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது.

பழைய மரப்படகுக்கு ஐந்து எச்.பி.தான் சரி என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால், வருகிறவரிடம் இப்போது ஒன்று கேட்கிறேன்: "இத்த யாரு தூக்குவா?" எல்லாரும் "நான்தான்" என்கிறார்கள்.

"நீ இல்லனா?" என்று கேட்கிறேன். சிலர் முறைத்துவிட்டு வேறு கடைக்குப் போகிறார்கள். சிலர் வீட்டுக்குப் போய் மனைவியை அழைத்து வருகிறார்கள்.