சேகரின் விசிலும் பெரியண்ணனின் இடது காதும்

வெள்ளையம்மாளின் மடியில் அன்றைக்கு அந்தப் பலாப்பழம் இல்லாமல் இருந்திருந்தால், விஷயம் முதலாளி வரைக்கும் போயிருக்காது. வெள்ளக்கடைக்கு முந்தின ஸ்டாப்பில் இறங்க வேண்டியவள் அவள். பஸ் ஸ்டாப்பைத் தாண்டி ஒரு மைல் போய்த்தான் நின்றது. பழத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கியவள், டிரைவர் பக்கம் வந்து நின்றாள்.

"ஏனுங்க டிரைவரே, என்னைய நேரா உங்க ஊட்டுக்கே கூட்டிட்டுப் போற உத்தேசமா? சம்சாரத்துகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க!"

பஸ்ஸே சிரித்தது. டிரைவர் பெரியண்ணன் மட்டும் சிரிக்காமல் கண்டக்டர் சேகரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏந்தம்பி, விசில் அடிக்க வாய் வலிக்குதா?"

"மூணு தரம் அடிச்சேன்ணா!"

"எங்கே, உன் மனசுக்குள்ளயா?"

இது நடந்தது எண்பத்தாறில். பெரியண்ணனுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. ஏற்காட்டு மலையில் தலைச்சோலைக்காரர். அப்பாவும் அம்மாவும் காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்தவர்கள். செடியைவிட ரோடு பிடித்துப்போனதால், பதினாறு வயதில் லாரிக்குக் கிளீனராகப் போனார். பிறகு இருபத்து நாலு வருஷமாக அதே பஸ், சேலத்திலிருந்து ஏற்காடு வழியாக வெள்ளக்கடை. மலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கும் அவர் பெயர் வைத்திருந்தார். பெரும்பாலும் அந்தந்த வளைவில் வாந்தி எடுத்தவரின் பெயர். இன்ஜின் அவருடைய இடது கைப் பக்கம், ஒரு தகரப் பெட்டிக்குள் இருந்தது. அந்த உறுமல் இருபத்து நாலு வருஷமும் நேராக இடது காதில்தான் இறங்கியது.

பழைய கண்டக்டர் விசிலை நம்பியவர் இல்லை. பஸ்ஸின் பக்கத் தகரத்தில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினால் பஸ் கிளம்பும், ஒரு தட்டு என்றால் நிற்கும். அவர் ஓய்வு பெற்றதும் சேகர் வந்தான். பெங்களூரில் வாங்கிய பளபளப்பான ஸ்டீல் விசில், பின் பாக்கெட்டில் சீப்பு, புது மீசை. அவன் வந்த நாளிலிருந்துதான் பஸ் ஸ்டாப்புகளைத் தாண்ட ஆரம்பித்தது. சேகர் வேண்டுமென்றே ஊதாமல் இருக்கிறான் என்றார் பெரியண்ணன். டிரைவருக்குத் திமிர், கேட்டும் கேட்காத மாதிரி போகிறார் என்றான் சேகர். முன் சீட்டுப் பெண்கள் டிரைவர் கட்சி, கடைசி சீட்டுக் காலேஜ் பையன்கள் கண்டக்டர் கட்சி.

பலாப்பழச் செய்தி கேட்டு முதலாளி சொல்லியனுப்பினார்: "திங்கக்கிழமை நானே பஸ்ல வர்றேன். ஒரு ஸ்டாப் தாண்டட்டும், மறுநாள்லேர்ந்து பெரியண்ணன் சேலத்து ஷெட்டுல. மலைக்கு வேற ஆளு."

ஷெட்டில் பஸ் கழுவலாம், டயர் மாற்றலாம். ஆனால் வளைவு ஒன்றுகூட இருக்காது.

சனிக்கிழமை சேகர் கழுத்து நரம்பு புடைக்க ஊதினான். முன் சீட்டில் ஒரு கைக்குழந்தை மிரண்டு வீறிட்டது. "கொழந்தைக்குப் பசிங்களா?" என்று கேட்டார் பெரியண்ணன். அழுகை கேட்டது அவருக்கு. அழ வைத்த விசில் கேட்கவில்லை.

பக்கத்திலிருந்த சாந்தி டீச்சர் இதைக் கவனித்துவிட்டார். ஏற்காட்டுப் பள்ளியில் அறிவியல் எடுப்பவர், தினமும் அதே பஸ். ஏரிக்கரையில் டீ குடிக்க நிறுத்தியபோது பக்கத்தில் வந்தார்.

"டிரைவரே, கடல் பார்த்திருக்கீங்களா?"

"கன்னியாகுமரிக்கு ஒரு சவாரி போனேனுங்க. வந்தவங்க குளிச்சு முடிக்கிற வரைக்கும் சும்மா உக்காந்திருக்க முடியுங்களா? வாட்சைப் பார்த்து அலையை எண்ணினேன். பத்து அலைக்கு எண்பது செகண்டு."

"அப்போ ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எட்டு செகண்டு. அதுதான் அலைவு காலம். அதையே திருப்பிப் பார்த்தா, ஒரு செகண்டுக்கு எட்டுல ஒரு பங்கு அலை. அது அதிர்வெண். சத்தமும் அலைதான், காத்துல வருது. செகண்டுக்கு இருபது அலையாவது வந்தாத்தான் காது கண்டுக்கும்."

"கடல் நொம்ப சத்தமாக் கேட்டுதுங்களே?"

"அது அலை உடைஞ்சு தண்ணி அடிச்சிக்கிற சத்தம். அது வேற அதிர்வு. இதோ உறுமுதே உங்க இன்ஜின், இது செகண்டுக்கு முப்பது குத்து விடும். சேகர் விசில் மூவாயிரத்துக்கு மேல."

"மூவாயிரமா!" என்று சேகர் விசிலைப் பெருமையாகப் பார்த்தான்.

டீச்சர் அவன் சீப்பை வாங்கி, பெரியண்ணனின் இடது காதருகே வைத்து, அகலப் பல்லில் நகத்தை மெதுவாக ஓட்டினார். கட கட கட. வேகமாக ஓட்டினார். கிர்ர். பிறகு பொடிப்பல் பக்கம், இன்னும் வேகமாக.

பெரியண்ணன் காத்திருந்தார். "ஓட்டுங்க டீச்சரம்மா."

"ஓட்டிட்டேன்."

மறுபடி ஓட்டச் சொல்லி, கடைக்கண்ணால் நகத்தைப் பார்த்தார். நகம் ஓடியது. சத்தம் இல்லை. வலது காதில் வைத்தால் மெலிசாக ஒரு கீச்சு. அவர் முகம் விழுந்தது.

"செவிடுங்களா நான்?"

"இல்லீங்க. வேகமா அதிர்ற சத்தம் மட்டும்தான் போயிருக்கு. பலமா ஊதினா அலை உயரமாகும், எண்ணிக்கை குறையாது. இன்ஜின் இரைச்சல்ல அது உங்களுக்கு எட்டாது. எண்ணிக்கை குறைஞ்ச சத்தமா இருந்தா எட்டும்."

பெரியண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீ அடிச்சுத்தான் இருக்கே, தம்பி. நான்தான் உன்னைய ஏசிட்டேன்."

"நானும் உங்களுக்குத் திமிருன்னு நெனச்சேன்ணா."

"திமிரும் இருக்குது. அது வேற."

ஞாயிற்றுக்கிழமை சேகர் சேலத்துப் பழைய இரும்புக் கடைகளை அலசி, ரப்பர் பந்து வைத்த பித்தளை ஹாரன் ஒன்று வாங்கி வந்தான். அமுக்கினால் எருமை கத்துவதுபோல் கனமான சத்தம்.

திங்கள் காலை முதலாளி கடைசி சீட்டில் உட்கார்ந்தார். முதல் ஸ்டாப் வந்ததும் பஸ்ஸுக்குள்ளேயே "பாம்" என்றது. முதலாளி துள்ளி விழுந்தார். பஸ் நின்றது. "பாம் பாம்." கிளம்பியது. அடிவாரத்திலிருந்து வெள்ளக்கடை வரைக்கும் ஒரு ஸ்டாப்பும் தாண்டவில்லை.

"என்னய்யா கூத்து இது?" என்று முன்னால் வந்தார் முதலாளி.

எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். பெரியண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். "விசில் சத்தம் என் காதுக்கு வரதில்லீங்க. இது வருது. லாரி ஹாரன் வருது. இன்ஜின் வருது."

"சைக்கிள் மணி?"

"மலையில எவனுங்க சைக்கிள்ல ஏறுறான்?"

"எறங்குவான் இல்ல?"

"எறங்குறவனைக் கண்ணு பார்க்குதுங்க."

முதலாளி ஹாரனை வாங்கி, தானே இரண்டு தரம் அமுக்கிப் பார்த்தார். மூன்றாவது தரமும் அமுக்கினார், அது ஆசைக்காக.

"சரி, வண்டியை எடு. ஆனா இடது காதுல பஞ்சு வச்சுக்க. மிச்சம் இருக்கிறதாவது தங்கட்டும்."

பெரியண்ணன் முதலுதவிப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்து உருட்டிக் காதில் அடைத்துக்கொண்டார்.

"பஞ்சு வச்சா இதுவும் கேக்காமப் போயிருமேண்ணா?" என்று சேகர் கவலைப்பட்டான். அவர் திரும்பவில்லை. கவலை அவர் காதில் விழவில்லையோ என்னவோ. அவன் பயந்துகொண்டே இரண்டு தரம் அமுக்கினான்.

பஸ் கிளம்பியது.