கண்ணாடி அலமாரியில் இருந்த ஜெட் கம்பிப் பெட்டி

ஒரு வீட்டின் அறிவை அளக்க அங்குள்ள கண்ணாடி அலமாரியைப் பார்த்தால் போதும் என்பது என் கட்சி. சீவலப்பேரியில் என் தங்கை வீட்டு அலமாரியில், ஓடாத கடிகாரத்துக்கும் வாய் பிளந்த பீங்கான் மீனுக்கும் நடுவே ஒரு சின்னத் தகரப் பெட்டி இருந்தது. உள்ளே, கார்புரேட்டரின் அடைத்துக்கொண்ட ஓட்டைகளைச் சுத்தம் செய்யும் கருவிகள். தலைமயிர் கனத்தில் தொடங்கித் தையல் ஊசிக் கனம்வரை வரிசையாகக் கம்பிகள். எறும்புக்குப் பல் தேய்த்துவிடலாம் போல இரண்டு பிரஷ்கள். தங்கை புருஷர் பம்ப்செட்டோடு படும் பாட்டைக் கேள்விப்பட்டு, அவருடைய காயல்பட்டினத்துச் சிநேகிதர் துபாயிலிருந்து லீவில் வந்தபோது வாங்கிவந்தது. அவர் வேலைக்குத்தான் கொடுத்தார். நம்மாள் பிரதிஷ்டை செய்துவிட்டார். அலமாரிக்குப் பூட்டு, சாவி மாப்பிள்ளையின் அரைஞாண் கயிற்றில்.

நான் பேசக் கூடாதுதான். அழுக்காகிவிடும் என்று பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தகங்கள் என் வீட்டில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. ஆனால் அவற்றை நம்பி எந்தப் பயிரும் நிற்கவில்லை.

போன கார் நெல் சாகுபடி சமயம் தங்கை போன் செய்தாள். "அண்ணே, வாய்க்கால்ல மராமத்துன்னு தண்ணிய அடைச்சிட்டாங்க. நாத்தாங்கால் வெடிச்சுக் கெடக்கு. பம்ப்செட்டு இருமி இருமி நிக்கி. நீ கொஞ்சம் வாயேன்."

அந்த வருஷம் வயலைத் தரிசாகப் போடலாம் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அவள்தான் கேட்காமல் விதை வாங்கி, ஊறவைத்து, தானே விதைத்தாள். நாற்று கருகினால் அந்தப் பூ, அந்தப் போகத்து விளைச்சலே, போச்சு. அதோடு "நான் சொன்னேம்லா" என்ற வாசகத்தை அடுத்த அறுவடைவரை தினமும் கேட்க வேண்டியிருக்கும். எது பெரிய நஷ்டம் என்று அவள் சொல்லவில்லை.

என்னை ஏன் கூப்பிட்டாள் என்றால், குடும்பத்தில் எனக்குப் படித்தவன் என்று பெயர். நான் பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போகும்போதே போனில் கார்புரேட்டர் வீடியோக்களைப் பார்த்து மேலும் படித்தவனாகிக்கொண்டேன்.

வரப்பில் உரச் சாக்கை விரித்து, அதன் மேல் கார்புரேட்டரைப் பிரித்துப் போட்டுக் குத்தவைத்திருந்தார் மாப்பிள்ளை. போன பருவத்துப் பெட்ரோலை வடிக்காமல் அப்படியே விட்டதில், அது உள்ளேயே காய்ந்து பிசினாகியிருந்தது. பெட்ரோல் போகும் பித்தளை ஜெட் புளியங்கொட்டை அளவு. நடுவில் ஓர் ஓட்டை இருப்பதாக ஐதீகம். சூரியனுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியவில்லை. பக்கத்து வயல் அண்ணாச்சி பின்னால் கைகட்டி நின்று மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, ஒரு ஊக்கு தா" என்றார் மாப்பிள்ளை.

தங்கை தாலிச் சங்கிலியிலிருந்து ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். எங்கள் பக்கத்து ஆண்களின் கருவிப் பட்டறை பெண்டாட்டி கழுத்தில்தான் தொங்குகிறது. முள் எடுக்க, செருப்பு வாரைச் சேர்க்க, கேஸ் அடுப்பைக் குத்த எல்லாம் அதுதான். தானே ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் ஆண்மைக்கு இழுக்கு போலிருக்கிறது.

ஊக்கு ஓட்டையைவிடக் கனம். அவர் திருகி இறக்கப் பார்த்தார்.

"மாப்ளே, இரும்பால குடையாதீங்க. ஓட்டை பெருசாச்சுன்னா பெட்ரோலா குடிச்சிக் கரும்புகையா விடும். மரம்னா பித்தளைக்கு ஒண்ணும் ஆகாது" என்று பஸ்ஸில் கற்றதை இறக்கினேன்.

"இதைத்தானே வே நான் அப்பவே சொல்லுதேன், ஈர்க்குதான் சரி" என்றார் அண்ணாச்சி. அவர் அதுவரை வாயே திறக்கவில்லை. கிடந்த தென்னோலையிலிருந்து ஈர்க்கை உருவி, பல்லால் சீவி, உள்ளே விட்டு ஒரு திருகு திருகினார். நுனி ஒடிந்து உள்ளேயே தங்கிவிட்டது. கையில் மிச்சமிருந்ததை வெகுநேரம் பார்த்தார்.

"ஈர்க்கு சரியில்ல வே. இப்பம்லாம் தென்னை எங்க முந்தி மாதிரி இருக்கு?"

பிசினுக்கு மேல் ஈர்க்கு. நான் கேட்டேன்: "மாப்ளே, அந்தத் துபாய்ப் பெட்டி?"

கோயில் தேரைக் கொண்டுவந்து உழச் சொன்னதுபோல் பார்த்தார். "மச்சான், அது வெளிநாட்டுச் சாமான். சேத்துல கொண்டாரவா? ஒரு கம்பி வளைஞ்சா, நாளைக்கு அவரு வந்து கேட்டா எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

"பம்ப்செட்டு ஓடுதான்னுதானே கேப்பாரு?"

"அது ஒரு அவசரத்துக்குன்னு வச்சிருக்கேன்."

தங்கை வெடித்துக் கிடந்த நாற்றங்காலைப் பார்த்தாள். "அப்ப இது என்னது? கல்யாண வீடா?"

மாப்பிள்ளை ஜெட்டை வாயில் வைத்து ஊதத் தொடங்கினார். முகம் சிவந்ததும் மீசை பெட்ரோலில் நனைந்ததும்தான் மிச்சம். "ஒரு தீக்குச்சியக் காட்டுனா ஈர்க்கு எரிஞ்சிரும்லா?" என்று அண்ணாச்சி மடியில் தீப்பெட்டி தேட, நான் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு வரப்பின் மறுகோடிக்குப் போனேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம்.

திரும்பியபோது தங்கையைக் காணோம். சற்று நேரத்தில் தகரப் பெட்டியோடு வந்தாள். மாப்பிள்ளையின் கை தன்னால் இடுப்புக்குப் போயிற்று. சாவி அங்கேதான் இருந்தது.

"கண்ணாடி போச்சு" என்றாள்.

"எதால?" என்று கேட்டார் அண்ணாச்சி, தொழில் ஆர்வத்தோடு.

"அம்மிக் குழவியால."

அன்றைக்கு அங்கே வேலைக்குத் தகுந்த கருவியைத் தேர்ந்தெடுத்தது அவள் ஒருத்திதான்.

அவளே உட்கார்ந்து, இருந்ததிலேயே மெல்லிய கம்பியை எடுத்து விட்டாள். அது அடைப்பை அசைக்காமல் மடங்கிற்று. அடுத்த கனத்துக் கம்பியை எடுத்தாள். திருகவில்லை, முட்டித் தள்ளவில்லை, பைய உள்ளே விட்டு விட்டு எடுத்தாள். ஈர்க்கு நுனி விழுந்தது, பின்னாலேயே பழுப்பாக ஒரு பிசின் துணுக்கு. பெட்ரோலில் அலசிச் சூரியனுக்கு நேரே பிடித்தாள். கடுகில் பாதி அளவுக்கு வெளிச்சம்.

எல்லாவற்றையும் மாட்டிக் கயிற்றை இழுத்ததும் பம்ப்செட் வழக்கம்போல இருமியது. அப்புறம் நிற்காமல் ஓடியது. முதலில் வந்த தண்ணீரையெல்லாம் வெடிப்புகள் குடித்தன. பிறகுதான் நாற்றுக்கு நடுவே நகர்ந்தது.

மாப்பிள்ளை அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கம்பியைத் துண்டால் துடைத்துக் கண்ணுக்கு நேரே பிடித்தார். "வளைஞ்சிட்டு மச்சான்" என்றார், பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதுபோல.

தங்கை அதைப் பிடுங்கிப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைச் சணல் கயிற்றால் பம்ப்செட்டின் கைப்பிடியில் கட்டினாள். "இனி இது இங்கனதான் கெடக்கும்."

"மழை பெஞ்சா?"

"நனையட்டும்."

தண்ணீர் கடைசிப் பாத்தியைத் தொடும்வரை அவள் எங்கள் மூன்று பேரில் ஒருவரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கும்படியாக நாங்களும் இல்லை.