ரப்பர் சத்தம்

சட்டைத் தொழிற்சாலையில் காலர் தைக்கும் லைனுக்கு சூப்பர்வைசரான அவளுக்கு அங்கே பெயர் கடிகாரக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளன்று மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். மற்ற நாளெல்லாம் "கடிகாரக்கா வர்றாங்கடீ" என்ற கிசுகிசுப்புதான். அது காதில் விழுந்ததும் அதுவரை ஆடி அசைந்து ஓடிக்கொண்டிருந்த மெஷின்களுக்கெல்லாம் திடீரென்று உயிர் வந்துவிடும். கழுத்தில் நாடா கோத்து ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அது பாதி அலங்காரம்தான், அவளுடைய உண்மையான கருவி காது. திரும்பி நின்றுகொண்டே, எந்த மெஷின் துணியைத் தைக்கிறது, எது வெறும் காற்றைத் தைக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

இந்தக் காது வானத்திலிருந்து விழவில்லை. நூல் வெட்டுகிற பெண்ணாக உள்ளே வந்து, மெஷினில் உட்கார்ந்து வருஷக்கணக்காக முதுகை ஒடித்தவள் அவள். அந்த லைனில் எத்தனை தில்லுமுல்லு உண்டோ அத்தனையும் அத்துப்படி. அதிலே பெரிய தில்லுமுல்லு ஒன்று உண்டு. ஆபீஸிலிருந்து ஒருவர் அட்டையும் பேனாவுமாக வந்து, ஒரு காலர் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டு போவார். அன்றைக்கு எந்த மடச்சியும் வேகமாகத் தைக்க மாட்டாள். வேகமாக முடித்தால் மறுநாள் டார்கெட் ஏறிவிடும். அதனால் நன்றாகத் தைத்த தையலை, ஏதோ கோணிவிட்டது போல முகத்தை வைத்துக்கொண்டு, பிரித்துவிட்டு மறுபடி தைப்பார்கள். பிரித்த தடம் துணியில் தெரியக் கூடாது. அதில் அவளை அடிக்க அந்தக் காலத்தில் ஆளே கிடையாது.

ஒருமுறை பழைய மேனேஜர், "முடிச்சவங்க வீட்டுக்குப் போகலாம்" என்று அறிவித்தார். பெண்கள் அவரை நம்பி மத்தியானத்துக்குள் மொத்தத்தையும் தைத்துத் தள்ளினார்கள். தையல் சரியில்லை என்று ஒரு பீஸ்கூடத் திரும்பி வரவில்லை. அவர் சொன்னபடி வீட்டுக்கும் அனுப்பினார், மறுநாள் அதையே புது டார்கெட் ஆக்கினார். அதற்குப் பிறகு அவர் என்ன சொன்னாலும் லைனில் ஒருத்திகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

இவள் சூப்பர்வைசர் ஆனதும் முதல் வேலையாகப் பிரித்துத் தைக்கிற வித்தைக்குத்தான் முற்றுப்புள்ளி வைத்தாள். "என்கிட்டயேவா?" என்று பின்னால் வந்து நிற்பாள். அவ்வளவுதான், ஊசி ஒழுங்காக இறங்கும். சீக்கிரம் முடித்தவளிடம், "அப்போ அடுத்த துணிக்கட்டை எடுத்துக்கோ" என்பாள். அந்த வாக்கியம் நாளடைவில் அவள் நாக்கிலேயே குடியேறிவிட்டது.

வீடு மூன்றாவது மாடி. கணவர் ஃப்ரிட்ஜ் மெக்கானிக், ஊர் முழுக்க வீடு வீடாகப் போய்ச் சரி செய்கிறவர். ஒரே மகள், ஏழாம் வகுப்பு. பிறந்தபோது சின்னதாக, சுருங்கி, ஆனால் கத்தலில் காரமாக இருந்ததால் அப்பா 'மிளகு' என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே நிலைத்துவிட்டது. மிளகுக்குக் கணக்கு என்றால் உயிர். பள்ளிவிட்டு வந்து சமையலறை மேடையில் நோட்டை விரித்தால், டீ கொதித்து இறங்குவதற்குள் பாதி முடிந்திருக்கும். மீதியையும் முடித்துவிட்டு, "முடிச்சுட்டேன்!" என்று ஒரு கத்து கத்துவாள். கீழ்வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் விளக்கு போடுகிறார்கள் என்று அப்பா கேலி செய்வார். கத்தி முடித்த கையோடு படியில் தடதடவென்று இறங்கி, கீழே முற்றத்தில் பிள்ளைகளோடு பந்தடிக்கப் போய்விடுவாள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பள்ளியில் அந்தப் பெற்றோர் கூட்டம் நடக்கும்வரை.

வகுப்பு டீச்சர் சாதாரணமாகத்தான் கேட்டார், பிள்ளைகள் வீட்டில் எவ்வளவு நேரம் படிக்கிறார்கள் என்று. கேட்டதுதான் தாமதம், அங்கே ஏலம் ஆரம்பமாகிவிட்டது. பாங்க்காரர் தன் மகன் தினமும் மூன்று மணி நேரம் என்றார். பாத்திரக்கடைக்காரர் மனைவி விடுவாளா, தன் மகள் நான்கு மணி நேரம், விடியற்காலை எழுந்து படிப்பது தனி என்றாள். பின்னால் இருந்த ஒருவர் ஐந்து என்று சொல்லிவிட்டுச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். கடிகாரக்காவின் முறை வந்தது. "ஒரு மணி நேரம் இருக்கும் மிஸ். சில நாள் அதுகூட இருக்காது" என்றாள், உள்ளதை உள்ளபடி. யாரும் சிரிக்கவில்லை, ஆனால் பாத்திரக்கடைக்காரர் மனைவி பரிதாபப்பட்டு ஒரு 'ச்ச்' கொட்டினாள். "பரவாயில்லம்மா, உங்க பொண்ணு நல்லாத்தான் பண்றா" என்று டீச்சர் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. மெஷின் சத்தத்தில் தேர்ந்த காதுக்கு அன்றைக்கு அந்த 'ச்ச்' மட்டும்தான் கேட்டது.

வரும் வழியெல்லாம் அந்த 'ச்ச்' கூடவே வந்தது. ஊர்ப் பிள்ளையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, தன் பிள்ளை மட்டும் பந்தடிக்கிறது. நாளைக்கு இவளும் நூல் வெட்டும் மேஜையில் வந்து நிற்பாளோ? அந்த நினைப்பு வந்ததும் நடை தானாக வேகமெடுத்தது.

அன்றைக்கே சமையலறைக் கடிகாரம் உள்ளறையில் மகளுடைய மேஜைக்கு மேலே ஏறியது. தினமும் மூன்று மணி நேரம், இடையில் எழுந்திருக்கக் கூடாது. முதல் நாள் மிளகு வழக்கம்போலச் சட்டென்று முடித்து, "முடிச்சுட்டேன்!" என்று கத்தினாள்.

"அப்போ அடுத்ததை எடு" என்றாள் அம்மா.

"நாளைக்கான பாடத்தையுமா?"

"நாளைக்கான பாடம், நாளன்னைக்கான பாடம். புத்தகம் தீர்ந்தா தீரட்டும், வேற புத்தகம் வாங்கித் தர்றேன்."

சில வாரங்களில் அந்தக் கத்தல் நின்றுபோனது. மகள் மூன்று மணி நேரமும் குனிந்த தலை நிமிராமல் உட்கார ஆரம்பித்தாள். கடிகாரக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் பொண்ணை உட்கார வெச்சா எந்திரிக்கவே மாட்டா" என்று லைனில் பீற்றிக்கொண்டாள். பிள்ளை நகத்தைச் சதை தெரியக் கடிப்பதும், தட்டில் பாதியை ஒதுக்குவதும், பேச்சுக்குப் பேச்சு மணி பார்ப்பதும் கண்ணில் பட்டது. பட்டாலும், படிக்கிற பிள்ளை என்றால் அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கணவர் ஒருநாள் வாயைத் திறந்தார். "இங்க பாரு, ஃப்ரிட்ஜ் கூட ஓடும், நிக்கும், மறுபடி ஓடும். நிக்காம ஓடுதுன்னு யாராவது கூப்பிட்டாங்கன்னா, உள்ள எங்கயோ கோளாறுன்னு அர்த்தம்."

"பொண்ணும் ஃப்ரிட்ஜும் ஒண்ணா உங்களுக்கு? நாளைக்கு அவ ஃபெயிலாகி நின்னா நீங்களா கேஸ் அடிச்சு ஓட வைப்பீங்க?"

அவர் கருவிப்பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். பாவம், அவருக்கு எந்த வீட்டில் வாயை மூட வேண்டும் என்று தெரியும்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. டீச்சர் கணக்குத் தாளை விரித்து வைத்தார். முதல் பக்கம் அழகாக இருந்தது, செய்ததெல்லாம் சரி. அதற்கப்புறம் வெள்ளை. திருப்பத் திருப்ப வெள்ளை.

"தெரியாம விட்ட மாதிரி இல்லம்மா. கேட்டா வாயில சொல்றா. ஆனா எழுதலை. எல்லாப் பாடத்துலயும் இதே கதை. வருஷக் கடைசியிலயும் இப்படிப் பண்ணா, இதே வகுப்புல மறுபடி உட்கார வேண்டியதா போயிரும்." டீச்சரின் குரலிலும் கவலை இருந்தது. "வீட்டுல உட்கார்றாளா?"

"மூணு மணி நேரம் மிஸ். அசைய மாட்டா."

"அதான் எனக்கும் புரியலை" என்றார் டீச்சர்.

கடிகாரக்காவுக்கு மட்டும் புரிந்துவிட்டதாக நினைப்பு. மூன்று போதவில்லை, நான்கு வேண்டும். அன்று மாலையே நான்காக்கினாள். மகள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் ஏனோ பயம் இன்னும் கூடியது. துவைத்த துணி மூட்டையை இழுத்துப் போட்டுக்கொண்டு, அறைக் கதவுக்கு வெளியே மடிக்க உட்கார்ந்தாள்.

உள்ளே பென்சில் ஓடும் சத்தம். அப்புறம் ரப்பர் தேய்க்கும் சத்தம். மறுபடி பென்சில். மறுபடி ரப்பர். தப்பு வந்தால் அழிக்கத்தான் வேண்டும் என்று அவள் துணியை மடித்தாள். ஆனால் காது சும்மா இருக்கவில்லை. பென்சில் ஒவ்வொரு தடவையும் அதே நீளம் ஓடியது. யோசித்து நிற்கவில்லை, தடுமாறவில்லை. தெரிந்த ஒன்றை எழுதுகிற கை அது. எழுதி முடித்து, ஒரு சின்ன அமைதி, பிறகு ரப்பர் நிதானமாக, அவசரமே இல்லாமல், தடம் தெரியாதபடி ஓரம் ஓரமாகத் தேய்த்தது.

மடித்துக்கொண்டிருந்த சட்டை மடியில் அப்படியே நின்றது. இந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். தையல், பிரிப்பு, தையல்.

கதவைத் திறந்தாள். மிளகு பதறிப்போய் நோட்டின் மேல் கையைப் பரப்பினாள். அம்மா அந்தக் கையை மெல்ல எடுத்தாள். கணக்கு சரியாக இருந்தது. அதற்கடியில் அழிந்த தடத்தில் மங்கலாகத் தெரிந்ததும் அதே கணக்கு, அதே சரியான விடை. தாள் அந்த இடத்தில் நைந்து, வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெலிந்திருந்தது.

"சரியாத்தானே போட்டிருந்தே. ஏண்டா அழிச்சே?"

மிளகு கடிகாரத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

"முடிச்சா வேற கொடுப்பே."

"பரீட்சையில யாரும் வேற கொடுக்க மாட்டாங்களே?"

"தெரியும்." பிள்ளையின் உதடு கோணியது. "ஆனா அங்கயும் முதல் பக்கத்தையே எழுத எழுத, கை தானா அழிக்குதும்மா. மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிரக் கூடாது, முடிச்சிரக் கூடாதுன்னு உள்ள ஏதோ சொல்லிக்கிட்டே இருக்கு. நானும் நிறுத்தித்தான் பார்த்தேன்."

ஒரு லைனையே திருத்தியவள், பெற்ற பிள்ளைக்கு அந்த வித்தையைத் தானே சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அழுகை வந்தது, அழுதாள். அழுதுகொண்டே ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினாள்.

"இனிமே முடிச்சா எந்திரிச்சுப் போயிடு. அவ்வளவுதான்."

மிளகு அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அட்டையும் பேனாவுமாக வந்து நிற்கிறவரைப் பெண்கள் பார்ப்பார்களே, அதே பார்வை.

"நாளைக்கு?"

"நாளைக்கும் அப்படித்தான்."

"அதுக்கப்புறம் கூட்டிருவே" என்றாள் மகள், கோபமே இல்லாமல்.

அந்தப் பழைய மேனேஜரின் முகம் கண்முன் வந்து நின்றது. வாயால் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் கொடுமையானவை. கடிகாரம் சமையலறைக்குத் திரும்பிவிட்டது, ரப்பர் சத்தம் மட்டும் நிற்கவில்லை. அவள் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். உள்ளே போகவில்லை, மகளிடம் ஒன்றும் விசாரிக்கவில்லை. பாங்க்காரர் மகனுக்குத் தனி வாத்தியார் வைத்துவிட்டார்களாம் என்று யாரோ வந்து சொன்னார்கள். ஆண்டுத் தேர்வு நெருங்கிக்கொண்டே வந்தது. கணவர் மட்டும், "விடு, ஓட்டம் சரியாகக் கொஞ்ச நாளாகும்" என்பார். அவரையும் நம்ப முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் டீ கொதித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் ஒரு குரல் கேட்டது. பழைய கத்தல் இல்லை, பக்கத்தில் நின்றால்தான் கேட்கும்.

"முடிச்சுட்டேன்."

திரும்பினாள். மிளகு சமையலறை வாசலில், உள்ளங்கையில் ரப்பரை இறுக்கிப் பிடித்தபடி, அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

'அப்போ அடுத்ததை' என்பது பல்வரைக்கும் வந்துவிட்டது. வருஷக்கணக்காகக் குடியிருந்த வாக்கியம், சும்மா போகுமா? நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். "போய் விளையாடு."

மிளகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். முன்னைப் போலத் தடதடவென்று இல்லை, ஒவ்வொரு படியாகக் காலடிச் சத்தம் இறங்கியது. படித் திருப்பத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. மேலே இருந்து கூப்பிடுகிறார்களா என்று நின்று கேட்கிறாள்.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. கடிகாரக்கா அதை அணைக்கக்கூடப் போகாமல், மேடையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி நின்றாள், அந்தக் கால்கள் மறுபடி இறங்கத் தொடங்கும்வரை.